கலிமான் போட்ட வளைவு

போர்சோக் பலகாரத்துக்கு மாவை வெட்டுவதும் கலிமான்தான், எண்ணெயில் போட்டு எடுப்பதும் கலிமான்தான். முப்பது வருடமாக அந்த வீட்டில் அப்படித்தான் நடந்து வந்தது. இந்தத் தடவை மட்டும் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் அவள் கணவன் ஜெக்ஷென் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் உட்கார்ந்தான். ஓர் ஆண்பிள்ளை அடுப்பங்கரையில் போர்சோக் பொரிப்பதை எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டால், விடிவதற்குள் மேய்ச்சல் மலைவரைக்கும் சேதி போய்விடும்.

கலிமான் தேய்த்த மாவைக் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடிழுத்து வெட்டிக்கொண்டிருந்தாள். ஜெக்ஷென் ஒரு துண்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.

"என்ன டீச்சரம்மா இது? ஒண்ணு ஆட்டுக்காது மாதிரி இருக்கு, இன்னொண்ணு கன்னுக்குட்டி நாக்கு மாதிரி நீண்டு கிடக்கு."

"எண்ணெயில விழுந்தா எல்லாம் ஒண்ணுதான். கருக விடாம எடுங்க."

"மாவட்டத்துலேர்ந்து வர்றவன் அளந்து பாத்தான்னா?"

"அவனும் கணக்கு வாத்தியாரா இருந்தவன்தான். தின்னும்போது எந்தக் கணக்கு வாத்தியாரும் அளக்க மாட்டான்."

சொல்லிவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள். வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிடித்த பிடிக்குள்ளேயே அது குளிரில் விட்ட கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. ஜெக்ஷென் அதைப் பார்க்காதவன் போலச் சட்டியைக் கிளறினான். பார்க்காதவன் போல இருப்பதில் அவன் இந்த மூன்று மாதத்தில் நன்றாகத் தேறிவிட்டான்.

நடுக்கம் செப்டம்பரில் வந்தது. முதலில் வருகைப் பதிவேட்டில் எழுத்துகள் கொஞ்சம் நெளிந்தன. தலைமையாசிரியை சோனுன் பார்த்துவிட்டு, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். "பேனா உறைஞ்சு போச்சு" என்று கலிமான் சொல்லிவிட்டாள். செப்டம்பரில் எந்தப் பேனாவும் உறையாது. சோனுன் அதை நினைத்துப் பார்த்தாளோ என்னவோ, மேற்கொண்டு கேட்கவில்லை.

அப்புறம் அக்டோபரில் தேநீர் விவகாரம். ஜெக்ஷெனின் பெரியப்பா மகன் மலையிலிருந்து குதிரைகளை இறக்கிக்கொண்டு வந்த அன்று, வழியில் இவர்கள் வீட்டில் உட்கார்ந்தார். விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிக்கும் கீழேதான் ஊற்ற வேண்டும். கொஞ்சமாக ஊற்றினால், இருங்கள், இன்னும் பலமுறை ஊற்றித் தருகிறேன் என்று அர்த்தம். வாய்வரை நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டு நடையைக் கட்டுங்கள் என்று அர்த்தம். வாயால் சொல்லக் கூசுகிறவர்கள்கூட இங்கே கெண்டியால் சொல்லிவிடுவார்கள். கலிமான் கெண்டியைச் சாய்த்தாள். கை உதறியது. நிமிர்த்துவதற்குள் கிண்ணம் தளும்பிவிட்டது. பெரியவர் கிண்ணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்து மேலங்கியைப் போட்டுக்கொண்டார். மூன்று வாரம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஜெக்ஷென் ஒரு ஆட்டுக்குட்டியோடு போய், "அவ ஏதோ பரீட்சைத் தாள் நெனப்புல இருந்தா, அண்ணே" என்று சொல்லிச் சமாதானம் பண்ணிவிட்டு வந்தான். அதிலிருந்து வீட்டில் யார் வந்தாலும் கெண்டி அவன் பக்கத்திலேயே இருக்கும். ஆம்பளை தேநீர் ஊத்துற வீடு என்று ஊரில் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

கையில் என்ன கோளாறு என்று கலிமான் யாரிடமும் போய்க் காட்டவில்லை. பிஷ்கெக்கில் இருக்கும் மகள் போனில் கேட்கும்போதெல்லாம் லீவில் பார்க்கலாம் என்றாள். மருத்துவர் ஒரு பேர் வைப்பார், பேரை ஒரு தாளில் எழுதுவார், தாள் நடந்து நடந்து பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரும். அவளுக்கு அந்த வழி தெரியும். போன வருடம் வரலாற்று ஆசிரியை பாத்மாவும் ஒரு தாளால்தான் போனாள். பாத்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். வந்திருந்த அதிகாரி பின்பெஞ்சிலிருந்து கேட்ட கேள்வி அவளுக்குக் கேட்கவில்லை. அவர் தன் படிவத்தின் கடைசி வரியில், ஓய்வுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது என்று எழுதினார். மலைப்பக்கத்துப் பெண்களுக்கு ஓய்வு சீக்கிரமே உண்டு என்று எல்லாரும் அதை ஒரு பரிசு மாதிரிச் சொன்னார்கள். புது வருடத்துக்குள் ஒரு கம்பளமும் ஒரு வெல்வெட் மேலங்கியும் கொடுத்து, ஆளுக்கொரு வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது பாத்மா காலையில் பள்ளிக்கூட நேரத்துக்கு ஜன்னலருகே வந்து நிற்கிறாள். போகிற பிள்ளைகளை எண்ணுகிறாள் என்று பேச்சு.

கலிமானுக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் இரண்டு பசு, ஒரு தொலைக்காட்சி, ஒரு கணவன். எதோடும் அவளுக்குச் சண்டை கிடையாது. ஆனால் காலை எட்டு மணிக்கு அவற்றின் நடுவில் உட்கார்ந்திருக்க அவளால் முடியாது.

நாளைக்குத் திறந்த பாடம். மாவட்டத்திலிருந்து அதிகாரி வந்து பின்பெஞ்சில் உட்காருவார். வேறு ஏதாவது பாடமாக இருந்திருந்தால் இவ்வளவு பயம் இல்லை. நேர்கோடு என்றால் மரச்சட்டத்தை அழுத்திப் பிடித்து இழுத்துவிடலாம். வட்டத்துக்குச் சாக்கட்டி செருகிய பெரிய கவராயம் இருக்கிறது. பரவளையத்துக்குக்கூட ஆணியில் ஒரு மர அச்சு தொங்குகிறது. வைத்துச் சுற்றி வரைந்தால் போதும். அதிபரவளையத்துக்கு மட்டும்தான் ஒன்றும் கிடையாது. y = 6/x என்றால் ஒரு வளைவு, y = 12/x என்றால் அதைவிடத் தள்ளி இன்னொரு வளைவு. எதற்கென்று அச்சுச் செய்வது? புள்ளிகளை வைத்துவிட்டு வெறும் கையால்தான் இணைக்க வேண்டும். எட்டாம் வகுப்பு, டிசம்பர் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை, y = k/x என்று ஆகஸ்டிலேயே முத்திரை குத்தி அனுப்பிய பாடத்திட்டம். அதை மாற்ற யாராலும் முடியாது.

அதிலும் கொடுமை, அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்த வளைவுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேலே அச்சுக்குப் பக்கத்திலிருந்து சரேலென்று இறக்கி, மூலையில் வாகாகத் திருப்பி, அடுத்த அச்சை ஒட்டி ஓட விடுவாள். சாக்கட்டி ஒரு இடத்திலும் நிற்காது. இருபத்தெட்டு வருடத்தில் அவளிடம் படித்தவர்கள் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். கணக்கு மறந்தவர்களுக்குக்கூட அந்த வளைவு ஞாபகம் இருக்கும்.

போன வாரம் வீட்டில் சுவர்க்காகிதச் சுருளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். ஜெக்ஷென் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"பனியில எலி ஓடின மாதிரி இருக்கு."

"வாயை மூடிக்கிட்டு இருங்களேன்."

"சும்மா சொல்லல, கேளு. எங்கம்மா கம்பளத்துக்குக் கொம்புக் கோலம் வரையும்போது என்ன பண்ணுவாங்க? மொதல்ல நெருக்கமாப் புள்ளி வச்சுக்குவாங்க. அப்புறம் புள்ளிக்குப் புள்ளி சின்னச் சின்னதா இழுத்துக்கிட்டே போவாங்க. பாக்குறவங்களுக்கு ஒரே இழுப்பு மாதிரித் தெரியும்."

அவன் எட்டாம் வகுப்போடு நின்றவன். அவனிடம் போய் இந்த யோசனை வந்ததே என்று அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால் யோசனை நல்ல யோசனை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். அடுப்புக்காரர் அப்போதுதான் நிலக்கரியைக் கொட்டிக்கொண்டிருந்தார். வகுப்பில் மூச்சு புகையாக வந்தது. கையுறையைக் கழற்றாமலே பென்சிலை எடுத்து, பலகையின் கட்டம் போட்ட பக்கத்தில் புள்ளி வைக்க ஆரம்பித்தாள். ஒன்றுக்கு ஆறு, ஒன்றரைக்கு நாலு, இரண்டுக்கு மூன்று, இரண்டரைக்கு அதற்கும் கொஞ்சம் கீழே, இரண்டு புள்ளி நாலு. மூன்றுக்கு இரண்டு. ஒரு கிளைக்கு இருபது புள்ளி. பச்சைப் பலகையில் பென்சில் புள்ளி இரண்டு முழம் தள்ளி நின்றால் தெரியாது. மூக்கை ஒட்டி நின்றால் தெரியும். கீழ்க் கிளைக்கும் இருபது வைத்தாள். மணி எட்டேகாலுக்கு, மனசு கொஞ்சம் இறங்கி, ஆசிரியர் அறைக்குப் போய்ப் போர்சோக் மூட்டையை அவிழ்த்துத் தட்டில் பரப்பினாள்.

ஒன்பது மணிக்கு அதிகாரியோடும் சோனுனோடும் வகுப்புக்குள் நுழைந்தபோது பலகை புதுப் பெண் மாதிரிப் பளபளத்துக்கொண்டிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகள் கையில் வாளியோடு நின்றார்கள்.

"விருந்தாளி வர்றாங்கன்னு சோடாத் தண்ணி போட்டு மூணு தடவை தொடச்சோம், அக்கா" என்றாள் ஒருத்தி. இங்கே ஆசிரியையை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "ஏதோ பென்சில் அழுக்கு இருந்துச்சு. அதையும் நல்லாத் தேச்சு எடுத்துட்டோம்."

"நல்ல வேலை செஞ்சீங்க" என்றாள் கலிமான். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அதிகாரியின் பேர் தெமிர்குல். நாற்பதைத் தொடாத ஆள். கல்பாக் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு, படிவத்தைப் பின்பெஞ்சில் விரித்து வைத்தார். பக்கத்தில் சோனுன். முன்னால் பதினாலு பிள்ளைகள், வெள்ளைச் சட்டையும் இஸ்திரி மணமுமாக.

மரச்சட்டத்தை வைத்து அச்சுகளை இழுத்தாள். கோடு நேராக வந்தது. அட்டவணை போட்டாள், எண்கள் கொஞ்சம் நெளிந்தாலும் எண்களாகவே இருந்தன. புள்ளிகளையும் சாக்கட்டியால் வைத்துவிட்டாள். புள்ளி எவ்வளவு நடுங்கினாலும் புள்ளிதான். மேலே நாலு, கீழே நாலு. அதற்குமேல் தள்ளிப்போட ஒன்றும் இல்லை. கையைத் தூக்கினாள். சாக்கட்டியின் நுனி பலகையில் படபடவென்று தட்டியது, கதவுக்கு வெளியே யாரோ நிற்பது மாதிரி. சட்டென்று திரும்பிவிட்டாள்.

"யார் வந்து சேத்துக் காட்டுறீங்க?"

பதினாலு கைகளும் மேலே போயின. திறந்த பாடத்தில் கை தூக்காத பிள்ளை இருக்கக் கூடாது. அதற்கு அவள் வகுப்பில் ஓர் ஏற்பாடு உண்டு: தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாதவர்கள் இடது கையை. பின்னால் இருக்கிறவர்களுக்கு எல்லாமே கைதான். இருபது வருடமாக இது தப்பியதில்லை. எதிரே நிற்கிறவர்களின் வலது, தனக்கு இடது பக்கமாகத் தெரியும் என்பது அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் நெஞ்சு முழுக்கச் சோடாத் தண்ணீர். தன் வலது பக்கமாக உயர்ந்திருந்த ஒரு கையைப் பார்த்தாள், வலது என்று எடுத்துக்கொண்டாள்.

"அக்மூர், நீ வா."

அக்மூர் என்ற அந்தப் பெண் தூக்கிய இடது கையை அப்படியே காற்றில் விட்டுவிட்டு, நிஜமாகவா என்பதுபோல அவளைப் பார்த்தாள். அப்போதுதான் கலிமானுக்கு உறைத்தது. அதற்குள் அந்தப் பெண் எழுந்துவிட்டாள். அதிகாரி முன்னால் உட்காரு என்று சொல்ல முடியுமா?

அக்மூர் சாக்கட்டியை வாங்கிக்கொண்டாள். மேல் புள்ளிகளையும் கீழ்ப் புள்ளிகளையும் ஒருவாறு சேர்த்தாள். அப்புறம் கொஞ்சம் யோசித்தாள். கீழேயிருந்த (-1, -6)-லிருந்து மேலேயிருந்த (1, 6) வரைக்கும், ஆதிப்புள்ளி வழியாக, சுவரில் ஏணி சாத்துகிற மாதிரி ஒரு நேர்கோடு போட்டாள். இரண்டு கிளையும் ஒரே வளைவாக ஒட்டிக்கொண்டன. வகுப்பில் யாரோ பல்லைக் கடித்து மூச்சிழுத்த சத்தம் கேட்டது. பின்பெஞ்சில் பேனா ஓடியது.

"நில்லு, அழிக்காதே" என்றாள் கலிமான். பேச வாய் இருந்தது, வாய் நடுங்கவில்லை. "இந்தக் கோடு நடுவுல எங்க போகுது? x பூஜ்யமா இருக்கிற எடத்துல போகுது. சரி. ஆறு ரொட்டி இருக்கு. வீட்டுல ஒருத்தருமே இல்ல. ஆளுக்கு எத்தனை ரொட்டி?"

"நாய்க்கு ஆறும், அக்கா" என்றான் எர்மெக், மூன்றாவது பெஞ்சு.

வகுப்பு சிரித்தது. சோனுன் சிரிக்காமல் அவனை முறைத்தாள்.

"நாயையும் ஒரு ஆளாச் சேத்துக்கிட்டா x எத்தனை?"

"ஒண்ணு."

"x ஒண்ணுன்னா y ஆறு. சரியாத்தான் சொல்லியிருக்கான், உக்காரு. இப்ப நாயையும் வெளியே வெரட்டியாச்சு. ஆளுக்கு எத்தனை?"

"யாருக்குன்னு குடுக்கிறது? ஆளே இல்லியே!" என்றாள் அக்மூர். சொன்னதும் அவளே பலகையைத் திரும்பிப் பார்த்து, "அய்யோ" என்று தன் ஏணியைச் சட்டைக் கையால் அழித்துவிட்டாள். பிள்ளைகள் மறுபடியும் சிரித்தார்கள். தெமிர்குலும் சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார்.

அந்தச் சிரிப்போடு மணி அடித்திருக்கக் கூடாதா? இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. பின்பெஞ்சிலிருந்து தெமிர்குல் கை தூக்கினார், பிள்ளை மாதிரியே.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க வளைவைப் பத்தி மாவட்டத்துல எல்லாரும் சொல்வாங்க. எங்க ஆபீஸ் டிரைவர்கூட உங்ககிட்டப் படிச்சவர்தான். நீங்களே ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்."

"அதானே, அக்கா" என்றாள் சோனுன்.

கலிமான் பலகைப் பக்கம் திரும்பி, அக்மூர் போட்ட கிளைகளை அழித்துவிட்டுப் புள்ளிகளைத் திரும்ப வைத்தாள். முதுகில் பதினாறு ஜோடிக் கண்கள் இருந்தன. சாக்கட்டியின் அடியைப் பிடித்தால் நுனி ஆடுகிறது, நுனியைப் பிடித்தால் விரல் ஆடுகிறது. மெதுவாகப் போனால் எலி ஓடிய தடம் வரும். வேகமாகப் போனால்? கை உதறுவதற்குள் முடித்துவிட்டால்? மூச்சைப் பிடித்தாள். மேலேயிருந்து ஒரே வீச்சில் இறக்கினாள். சாக்கட்டி கிறீச்சென்றது. (2, 3) புள்ளியை ஒரு விரற்கடை விட்டுவிட்டுப் போனது, ஆனாலும் வளைவு வளைவாகவே விழுந்தது. பின்னால் யாரோ "ஓ" என்றார்கள்.

அத்தோடு நிறுத்த முடியாது. அதிபரவளையத்துக்கு இரண்டு கிளை. மூச்சை விடாமலே கீழே போனாள். (-1, -6)-லிருந்து மேலேற்றி, மூலையில் திருப்பி, இடதுகோடிக்கு ஓட விட்டாள். கடைசிப் புள்ளியும் தாண்டியது. இன்னும் ஒரு சாண் தூரம், அச்சை ஒட்டி, அச்சைத் தொடாமல் போனால் போதும். அங்கே கை உதறியது. சாக்கட்டி துள்ளி, x அச்சின் மேல் போய் நச்சென்று முட்டி உடைந்தது. பாதித் துண்டு தரையில் உருண்டு அடுப்புப் பக்கம் போனது.

எர்மெக்கின் குரல்: "அக்கா, தொட்டுடுச்சு!"

"எது தொட்டுச்சு?" அவள் திரும்பவில்லை.

"வளைவு, அச்சைத் தொட்டுடுச்சு. தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஏன் தொடக் கூடாது?"

"தொட்டா y பூஜ்யம். ஆறை எத்தனை பேருக்குப் பங்கு வச்சாலும் ஒரு துணுக்காவது வரும். ஒண்ணுமே வராதுன்னு ஆகாது."

"கண்டுபிடிக்கிறாங்களான்னு பாத்தேன்" என்றாள் கலிமான். "பரவாயில்ல, தூங்கல நீங்க."

பிள்ளைகள் நம்பிச் சிரித்தார்கள். எர்மெக் பரிசு வாங்கினவன் மாதிரி உட்கார்ந்தான். அவள் வலது கையை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினாள். தெமிர்குல் சிரிக்கவில்லை. எழுதவும் இல்லை. பலகையின் இடதுகோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தபோதுதான் பேனாவை எடுத்தார்.

திறந்த பாடம் நடத்தியவள்தான் விருந்தாளிக்குத் தேநீர் ஊற்ற வேண்டும். அது பள்ளிக்கூடத்து வழக்கம். வீட்டிலென்றால் ஜெக்ஷென் இருப்பான். ஆசிரியர் அறையில் அவன் எங்கிருந்து வருவான்? சமையலறையிலிருந்து கொண்டுவந்து வைத்த எனாமல் கெண்டி அவள் வீட்டுக் கெண்டியைப்போல் இரண்டு மடங்கு. சூடு என்ற சாக்கில் ஒரு துணியைச் சுற்றி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து ஊற்றினாள். முதல் சுற்று சரியாக வந்தது. கிண்ணத்தில் மூன்று விரல் அளவு, அதன்மேல் ஒரு கரண்டிப் பால். இரண்டாவது சுற்றும் வந்தது. மூன்றாவதில் மேஜைத்துணியில் ஒரு சொட்டு. யாரும் பார்க்கவில்லை.

"போர்சோக் யார் போட்டது? வீட்டுல செஞ்சதா?" தெமிர்குல் ஒன்றைப் பாலாடையில் தோய்த்தார்.

"நான்தான்" என்றாள். பாதிப் பொய்.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு அளவா இருக்கு. எங்கம்மாவும் இப்படித்தான் போடுவாங்க. கடையில விக்கிறது மாதிரி ஒரே அளவுல இருந்தா எனக்குப் பிடிக்காது."

சோனுனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. தெரியாத பிள்ளையை வேண்டுமென்றே கூப்பிட்டு, தப்பு விட வைத்து, அதிலிருந்தே பாடத்தை எடுத்த விதம் எப்படி என்று அவளே அதிகாரிக்கு விளக்கினாள். கடைசியில் ஆசிரியையே வளைவைத் தப்பாகப் போட்டுக் காட்டியது அதைவிடப் பெரிய யுக்தி. தெமிர்குல் தலையாட்டிக்கொண்டே இருந்தார். படிவம் அவர் முழங்கைக்கு அருகில் கிடந்தது. கலிமான் தலைகீழாகவே படித்தாள். எல்லா வரியும் நிரம்பியிருந்தது. கடைசி வரி, பரிந்துரை, காலியாக இருந்தது.

"இறைச்சி வெந்துடுச்சான்னு பாத்துட்டு வர்றேன். நீங்க பேசிக்கிட்டு இருங்க" என்று சோனுன் எழுந்து போனாள். கதவு சாத்திக்கொண்டது. அடுப்பில் கரி சரியும் சத்தம் கேட்டது.

தெமிர்குல் குடித்த கிண்ணத்தை இரண்டு கையாலும் அவள் பக்கம் நீட்டினார். நீட்டிக்கொண்டே, பார்வையை மேஜையிலிருந்து எடுக்காமல் கேட்டார்:

"அக்கா, ஒண்ணு கேக்கணும். வெளியே யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். படிவத்துக்காகவும் கேக்கல. இல்ல, படிவத்துக்காகவும்தான், ஏன் பொய் சொல்லணும். அந்த ரெண்டாவது கிளை... நீங்க வேணும்னே முட்ட விட்டதா?"

கலிமான் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள். பதில் சொல்வதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரத்தில் தேநீர் ஊற்றிவிடலாம். கெண்டியைத் தூக்கினாள். துணி நாற்காலியிலேயே கிடந்தது. எடுக்க மறந்துவிட்டாள். இடது கை சூடு தாங்காமல் விலகியது. வலது கை மட்டும் கெண்டியோடு நின்றது. மூக்கிலிருந்து தேநீர் கிண்ணத்தில் விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. நிமிர்த்த நினைத்தாள். கை எதிர்ப்பக்கம் சாய்ந்தது. கெண்டியை அவள் மேஜையில் இறக்கியபோது கிண்ணம் விளிம்புவரை நிரம்பி, விளிம்புக்கும் மேலே ஒரு மயிரிழை புடைத்துக்கொண்டு நின்றது. பால் ஊற்ற இடமில்லை.

இருவரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள்.

தெமிர்குலின் காதுமடல் சிவந்தது. விருந்தாளியாக வந்த இடத்தில், வாய் நிறையப் போர்சோக் தின்ற இடத்தில், கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோமா? அவர் முகத்தில் அதுதான் ஓடியது; கலிமானுக்கு நன்றாகத் தெரிந்தது. அவள் வீட்டு வாசலை மூன்று வாரம் மிதிக்காமல் இருந்த பெரியவரின் முகத்திலும் இதேதான் இருந்தது.

ஒரு வார்த்தை போதும். 'தம்பி, அது நான் ஊத்தினது இல்ல, என் கை ஊத்தினது' என்றால் போதும். அவமானம் துடைக்கப்பட்டுவிடும். அவர் மறுபடியும் உட்காருவார். அனுதாபமாக முகத்தை வைத்துக்கொண்டு, எத்தனை நாளாக என்று கேட்பார். அப்புறம் கடைசி வரியை நிரப்புவார். பாத்மாவுக்குக் கொடுத்தது சிவப்பு வெல்வெட். தனக்கு என்ன நிறத்தில் எடுப்பார்களோ?

சொல்லாவிட்டால் அவள் வாசலிலிருந்து ஒருவன் துரத்தப்பட்டவனாகப் போவான். அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் யாரும் தெரிந்தே செய்யாத காரியம்.

"போகச் சொல்றீங்களா, அக்கா?" என்று தெமிர்குல் மெதுவாகக் கேட்டார். கோபம் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். "இல்ல, இது வேற ஏதாவதா?"

கலிமான் வலது கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோய், இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். உதட்டையும் அப்படியே இறுக்கி மூடிக்கொண்டாள். கிண்ணத்தை மட்டும் பார்த்தாள்.

தெமிர்குல் காத்திருந்தார். அப்புறம் குனிந்து, கிண்ணத்தைத் தூக்காமலே முதல் வாயை உறிஞ்சினார், சிந்தாமல் இருப்பதற்காக. மீதியை எழுந்து நின்றுகொண்டே, பால் இல்லாத கறுப்புத் தேநீரை, சூட்டைப் பொருட்படுத்தாமல் அடிவரைக்கும் குடித்தார். கிண்ணத்தை ஓசைப்படாமல் வைத்தார். உள்ளங்கைகளால் முகத்தைத் தடவி, உண்டதற்கு நன்றி சொல்லி முணுமுணுத்தார். படிவத்தை, கடைசி வரி காலியாக இருக்கும்படியே, நாலாக மடித்து உள்பையில் வைத்தார். கல்பாக்கைத் தலையில் நேராக வைத்துக்கொண்டார்.

கதவருகே ஒரு கணம் நின்றார். அவள் தலை நிமிரவில்லை. அவர் கதவைத் திறந்துகொண்டு போனார். நடைபாதையில் இறைச்சித் தட்டோடு வந்த சோனுன், "எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்பது உள்ளே வரைக்கும் கேட்டது.